மேடம் பொட்டு

எங்கள் ஃபேக்டரியில் எல்லோருக்கும் நான் அக்கா. தலை முழுக்க நரைத்த பிரஸ் ஆபரேட்டருக்கும் அக்கா, லாரி டிரைவருக்கும் அக்கா, என் அப்பா வயதிலிருந்த வாட்ச்மேனுக்கும் அக்கா. பல வருஷம் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பாசமாகத்தானே கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். எஞ்சினியராக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, அதே பிரஸ் ஆபரேட்டர் ஒரு நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து, தோளில் கிடந்த துண்டால் தட்டித் துடைத்து, "குந்துங்க மேடம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நாற்காலி வரவில்லை. என் பொறாமை ஆரம்பித்தது அங்கேதான்.

ஃபேக்டரி, செங்கல்பட்டைத் தாண்டி படாளம் போகும் வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. தண்ணீர்த் தொட்டி கட்டுகிற பேனல், மின்சார மீட்டருக்கான பெட்டி, இந்த மாதிரிச் சாமான்கள் செய்தோம். பிசினும் கண்ணாடி நாரும் சேர்த்த மாவு, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே பாய் போலச் சுருட்டி வரும். தாளை உரித்து, அளவாக வெட்டி, சூடான இரும்பு மோல்டுக்குள் வைத்து பிரஸ்ஸை இறக்கினால், மாவு இளகி ஓடி எல்லா மூலையையும் நிரப்பி, அப்படியே இறுகிவிடும். திறந்தால் பேனல். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எல்லாம் சூட்டில் இருக்கிறது. சூடு குறைந்தால் நடுவில் வேகாமல் திறந்ததும் கொப்புளம் போடும். கூடினால் மாவு மூலைக்கு ஓடிச் சேர்வதற்குள் இறுகிப் போகும், ரொம்பக் கூடினால் கொப்புளமும் வரும்.

அந்தச் சூட்டைப் பார்ப்பதுதான் என் வேலை. தொண்ணூறுகளில் டிப்ளமா முடித்த கையோடு வந்தவள் நான். மோல்டுக்கு உள்ளே ஒரு சென்சார் புதைத்திருப்பார்கள். அது காட்டுவது வயிற்றின் சூடு. மாவு தொடுவது மோல்டின் முகத்தை. முகத்தின் சூடு மூலைக்கு மூலை மாறும். அதைப் பார்க்க என்னிடம் ஒரு புரோப் இருந்தது. கைப்பிடி, ஒயர், முனையில் ஒரு மெல்லிய தகடு. தகட்டை மோல்டின்மேல் அழுத்தி, எண் ஏறி ஏறி ஓய்ந்து நிற்கும்வரை கையை எடுக்கக்கூடாது. அனல் முகத்தில் அடிக்கும். என் வலது கையில் முழங்கைக்குக் கீழே இருக்கிற தழும்புகள் எல்லாம் அப்படி வந்தவை. அவற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஷட்டரை ஒட்டிய மூலை எப்போதும் ஆறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கத்திரி வெயிலில் ஆபரேட்டர் பெடஸ்டல் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டால், மோல்டின் இடது பக்கம் சூடு இறங்கும் என்று தெரியும். ஃபேனைத் திருப்பச் சொல்லி நானும் அவரும் போடாத சண்டை இல்லை. "மோல்டுக்கு வேர்க்காதுக்கா, எனக்குத்தான் வேர்க்குது" என்பார். திட்டிக்கொண்டே நான் திருப்புவேன், நான் போனதும் அவர் திருப்பிக்கொள்வார். இப்படித்தான் எங்கள் காலம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் வந்தாள். கல்பாக்கம் டவுன்ஷிப் பெண். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்கு அங்கே ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். பாலிமர் எஞ்சினியரிங் படித்தவள். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி, தலையை ஒரே பின்னலாகப் போட்டு, அத்தனை அனலிலும் பவுடர் கலையாமல் இருப்பாள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் பிரஸ் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தால் வடித்த கஞ்சி மாதிரி இருப்பேன். அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதல் வாய் எனக்குத்தான் நீட்டுவாள். அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அதுவும் சேர்ந்து எரிந்தது.

வந்த சில நாளிலேயே மேனேஜரிடம் போய் ஒரு டெம்பரேச்சர் கன் வேண்டும் என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு புது புரோப்புக்கு நான் எத்தனை வருஷம் நடந்திருப்பேன்! முனைத் தகடு தேய்ந்துவிட்டது என்று சொன்னால், "பாத்து யூஸ் பண்ணுங்கம்மா" என்று பதில் வரும். அவளுக்கு மட்டும் அட்டைப்பெட்டியில் பஞ்சு மெத்தைக்கு நடுவில் கன் வந்து இறங்கியது. துப்பாக்கி மாதிரிப் பிடித்து விசையை அமுக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி போய் விழும். எங்கே புள்ளி விழுகிறதோ அங்கேயுள்ள சூடு உடனே எண்ணாக வந்துவிடும். தொடவே வேண்டாம். தள்ளி நின்று, கை சுடாமல், பவுடர் கலையாமல் பார்க்கலாம்.

முதல் நாள் என் புரோப்பையும் அவள் கன்னையும் பழைய மோல்டுகளில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒரே எண். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து வாங்கிய எண்ணை அவள் நின்ற இடத்திலிருந்தே வாங்கிவிட்டாள். "இன்னாமா வேலை செய்யுது பாருக்கா!" என்று ஆபரேட்டர் என்னிடமே வந்து வியந்தார். எனக்குக் காதில் புகை வந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னால், "அந்தப் பொண்ணு மேல உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ காண்டு?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அன்று அவருக்கு நான் இரண்டாம் முறை குழம்பு ஊற்றவில்லை.

அந்த ஆடி மாதம் கம்பெனியில் எல்லோரையும் வேன் வைத்து மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். அவள் கைப்பையில் கன்னையும் எடுத்து வந்திருந்தாள். அங்கே யாரும் சிற்பத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். பாறை எவ்வளவு சூடு, நிழலில் மணல் எவ்வளவு, அலை எவ்வளவு, மேனேஜரின் வழுக்கை எவ்வளவு! மேனேஜரே குனிந்து தலையைக் காட்டினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகத் தண்ணீரில் கால் நனைத்தேன்.

பிறகு டீ வந்தது. பளபளவென்று தேய்த்த பெரிய எவர்சில்வர் கேனில் கொண்டுவந்திருந்தோம். ஆபரேட்டர் கேனைக் காட்டி, "மேடம், டீ எப்டிக்கீதுன்னு பாத்து சொல்லு" என்றார். அவள் கேனின் பக்கவாட்டில் புள்ளியை வைத்தாள். "ஆறிப்போச்சு அண்ணே" என்றாள். அவர் டம்ளரில் பிடித்து ஒரே மடக்காக வாயில் ஊற்றினார். அடுத்த நிமிஷம் துள்ளிக் குதித்து, "அய்ய, நாக்கு வெந்துபூட்ச்சு!" என்று அலறினார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பதறிப்போய், பிறகு சிரித்தாள். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அந்த வருஷத்தில் எனக்கு வாய்த்த நல்ல நேரம் அது ஒன்றுதான். டீ ஏன் சுட்டது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் புது மோல்டு வந்தது. பெரிய பேனலுக்கான மோல்டு. முழுக்கக் குரோம் பூசி, கண்ணாடி மாதிரி இருந்தது. ஆபரேட்டர் அதில் பார்த்துத் தலை சீவினார். எங்கள் பழைய மோல்டுகள் எல்லாம் மெழுகும் பிசினும் படிந்து மங்கிக் கறுத்தவை. இது வேறு சாதி. இந்தப் பேனலுக்குப் பெரிய ஆர்டர் இருந்தது. அதே சமயம் எங்கள் ஹாட் பிரஸ் செக்‌ஷன் இன்சார்ஜ் வேலையை விட்டு துபாய் போய்விட்டார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து, "இந்தப் பேனலை யார் ஒழுங்கா வெளிய கொண்டுவர்றீங்களோ, அவங்கதான் இன்சார்ஜ்" என்று நேராகவே சொல்லிவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாற்காலி அது. வேறு எதற்கு இத்தனை தழும்பு?

புது மோல்டைச் சூடேற்றினோம். அவள் கன்னை அடித்தாள். இருக்க வேண்டியதைவிட ரொம்பக் கீழே காட்டியது. நான் புரோப்பை வைத்தேன். சரியாக இருந்தது. "சூடு ஏறிடுச்சு சார், விடலாம்" என்றேன். மேனேஜர் தேய்ந்துபோன என் தகட்டைப் பார்த்தார், பிறகு அவளுடைய கன்னைப் பார்த்தார். "உங்க புரோப் பழசும்மா" என்றார். சூட்டை ஏற்றினார்கள். பேனல் வந்தது, மூலை நிரம்பாமல் மொட்டையாக வந்தது. மேலே கொப்புளம் வேறு. கொப்புளத்தைப் பார்த்ததும், "இன்னும் வேகலை" என்று அவள் சொன்னாள். இன்னும் ஏற்றினார்கள். அடுத்தது இன்னும் மோசம்.

நான் கேன்டீனுக்குப் போய் கொதிக்கிற தண்ணீரில் என் புரோப்பை விட்டுப் பார்த்தேன். கொதிநிலையை அப்படியே காட்டியது. வெற்றி வெற்றி என்று ஓடினேன். அவள் எனக்குப் பின்னாலேயே போய், அதே பாத்திரத்துத் தண்ணீரில் கன்னை அடித்துவிட்டு வந்தாள். அதுவும் சரியாகத்தான் காட்டியது. இரண்டும் சரி. உள்ளே புதைத்த சென்சார் வயிற்றின் சூட்டைத்தான் சொல்லும், முகத்துக்கு அது சாட்சி ஆகாது. அப்படியென்றால் எது தப்பு? மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டார். யாரை நம்புவது என்று வரும்போது அவர் புதுசைத்தான் நம்பினார். தினமும் பின்கட்டில் வீணான பேனல்கள் அடுக்கிக்கொண்டே போயின. அவள் முகம் வாடியது. ஒவ்வொரு பேனலும் மொட்டையாக வெளியே வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். என் புரோப்பைத்தான் யாரும் நம்பவில்லை என்பதில் ஒரு எரிச்சல். இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்தன.

ஆயுத பூஜை வந்தது. பிரஸ்களை நிறுத்தி, துடைத்து, மாலை போட்டு, பொரி கடலை வைத்தோம். ஆபரேட்டர் ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் பொட்டு வைத்துவந்தார். புது மோல்டுக்குக் கொஞ்சம் தாராளம். அதன் விளிம்பில், மாவு படாத அந்தப் பளபளப்பான இரும்பில், ரூபாய்க் காசு அளவுக்குத் தடித்த சந்தனம் அப்பி, "நீயாச்சும் ஒயுங்கா வேலை செய்டா நைனா" என்று கும்பிட்டார். என் புரோப்பை நானே பூஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவள் தன் கன்னை அதன் பக்கத்தில் வைத்தாள். கன்னுக்கும் ஒரு பொட்டு கிடைத்தது.

விடுமுறை முடிந்து மோல்டுகளை மறுபடி சூடேற்றியபோது ஷெட் முழுக்கச் சந்தனம் தீய்கிற வாசனை. ஆபரேட்டர் மோல்டின் உள்ளே துடைத்திருந்தார். விளிம்பிலிருந்த பொட்டை விட்டுவைத்திருந்தார். சாமி பொட்டை எப்படித் துடைப்பது? அது காய்ந்து பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போல விளிம்பிலிருந்து ஆரம்பித்து கன்னை நகர்த்திக்கொண்டே வந்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைவாகவே காட்டிவந்த எண், சிவப்புப் புள்ளி அந்தச் சந்தனத்தின்மேல் ஏறியதும் திடீரென்று எகிறியது. தாண்டியதும் மறுபடி இறங்கிவிட்டது.

நான் பார்த்தேன். கன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வயிறு அப்படியே குளிர்ந்தது. ஒழிந்தது சனியன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். என் யோசனை அதோடு நின்றுவிட்டது.

அவளும் பார்த்தாள். புள்ளியைப் பொட்டின்மேல் கொண்டுபோனாள், வெளியே கொண்டுவந்தாள். மறுபடி கொண்டுபோனாள். பிறகு திரும்பி, "அக்கா, உங்க புரோப்பை இது மேல வைங்களேன்" என்றாள். வைத்தேன். கன் பொட்டின்மேல் காட்டிய அதே எண். "இப்ப பக்கத்துல, பொட்டு இல்லாத இடத்துல." அங்கே வைத்தேன். அங்கேயும் அதே எண்தான். கன் மட்டும் அங்கே கீழே இறங்கிக் கிடந்தது. அவள் சட்டென்று பக்கத்திலிருந்த மரப் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று பார்த்தால் சிரிக்க ஆரம்பித்தாள்.

"டீ கேன் அக்கா! மாமல்லபுரத்துல டீ கேன்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள்: "பளபளன்னு இருக்கிற பொருள் தன் சூட்டை வெளிய விடாதுக்கா. இந்த கன் வெளிய வர்றதை வச்சுத்தான் சூடு பாக்குது. அதனால ஆறிப்போச்சுன்னு நினைச்சுக்குது. பழைய மோல்டுல அழுக்கு இருந்துச்சு, சரியா காட்டுச்சு. தண்ணி, பாறை எல்லாத்துலயும் சரியா காட்டுச்சு. சந்தனத்துல சரியா காட்டுது. குரோம்ல மட்டும் ஏமாந்துட்டோம். படிச்சதுதான் அக்கா, மண்டையில ஏறலை. உங்க புரோப் முதல்ல இருந்தே சரியாத்தான் சொல்லியிருக்கு. நாமதான் மோல்டைத் தீய வச்சிருக்கோம். ரொம்பக் காஞ்ச கல்லுல மாவை ஊத்தினா இழுக்க வருமா? அந்த இடத்துலயே ஒட்டிக்கும்ல, அதான்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குச் சுருக்கென்றது. தோசைக்கல் உதாரணம் என்னுடையது. வருஷக்கணக்காகத் தினமும் காலையில் தோசை சுட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள் நான். அவளுக்கு அம்மா சுட்டுக் கொடுக்கிறாள். அந்த வார்த்தை என் வாயில் அல்லவா வந்திருக்க வேண்டும்? அது ஏன் அவளுக்குத் தோன்றியது?

அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "என் ரீடிங் தப்பு சார். அக்கா ரீடிங்தான் சரி. வீணான பேனல் எல்லாம் என்னாலதான்" என்று ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னாள். சூட்டை இறக்கினோம். அன்று மத்தியானம் வந்த பேனல் நான்கு மூலையும் நிறைந்து, மேலே ஒரு கொப்புளம் இல்லாமல் கழுவி வைத்த பாத்திரம்போல இருந்தது. ஆபரேட்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு விசிலடித்தார். மேனேஜர் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். சொன்ன வாக்குப்படி, சரியான ரீடிங் எடுத்தவளுக்கே நாற்காலி என்றார். அது எனக்கு வந்தது.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பந்தியில் அவள் எழுந்து இடம் கொடுத்து நான் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், நானாக ஒருநாளும் அந்தப் பொட்டின் விஷயத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, கன் ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். அவளோ செங்கல்பட்டு மார்க்கெட்டிலிருந்து மைசூர்பாகு வாங்கிவந்து, "அக்கா இன்சார்ஜ் ஆயிட்டாங்க" என்று ஷெட் முழுக்கக் கொடுத்தாள். நான் ஒரு துண்டு வாயில் போட்டேன். அடுத்த துண்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

கொஞ்ச நாளில் அவளுக்கு வேறு ஊரில், காற்றாலை இறக்கை செய்கிற பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தைய வாரம், பைக் சைலன்சருக்கு அடிக்கிற கறுப்பு பெயின்டை ஒரு டப்பா வாங்கிவந்தாள். அதற்குள் வந்திருந்த பளபளப்பான மோல்டு ஒவ்வொன்றின் விளிம்பிலும், நான்கு பக்கமும், காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் போட்டாள். "இது மேல அடிச்சா கன் எப்பவும் உண்மையைச் சொல்லும்க்கா. நீங்க இனிமே கையைச் சுட்டுக்க வேண்டாம்" என்று சொல்லி கன்னை என் கையில் கொடுத்தாள். அதன் பிடியில் ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கல்பாக்கம் பஸ்ஸில் ஏறிப் போனாள். ஆபரேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரை வேலையைப் பார்க்கச் சொல்லிச் சத்தம் போட்டேன்.

அந்தக் கறுப்பு வட்டத்துக்கு ஷெட்டில் பெயர் வந்துவிட்டது: மேடம் பொட்டு. "அக்கா, மேடம் பொட்டுல பாத்துட்டியா?" "மேடம் பொட்டு அயிஞ்சிட்ச்சுக்கா, பெயின்டு குடு." "புது மோல்டு வந்துக்கீது, மேடம் பொட்டு வைக்கணும்." தினமும் காலை முழுக்க இதைத்தான் கேட்டேன். நாற்காலி என்னுடையது, பிரஸ் என்னுடையது, ஆட்கள் என் பேச்சைக் கேட்கிறார்கள். எண் வேண்டுமென்றால் மட்டும் நான் அவள் நெற்றிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

பெயரை மாற்றப் பார்த்தேன். பிளாக் ஸ்பாட் என்று எழுதி ஒட்டினேன். ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.

வருஷங்கள் போயின. பழைய ஆட்கள் குறைந்தார்கள். புதிதாக வந்தவர்கள் என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்சார்ஜ் ஆயிற்றே. அந்த வார்த்தை கடைசியில் எனக்கும் வந்து சேர்ந்தது. பழகப் பழக, அது எப்போதும் எனக்கு இருந்த மாதிரியே ஆகிவிட்டது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த செய்யூர்ப் பெண் ஒருத்திக்கு கன் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சிவப்புப் புள்ளியைக் கறுப்பு வட்டத்தில் வைத்து எண்ணைப் படித்தாள். பிறகு மரியாதையோடு என்னை நிமிர்ந்து பார்த்து, "மேடம், மேடம் பொட்டுன்னு இதுக்கு உங்க பேரைத்தானே வச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

ஒரு நிமிஷம், அந்த ஒரே ஒரு நிமிஷம், அது என்னுடையதாக இருந்தது. அதே பழைய பிரஸ் ஆபரேட்டர் அந்தப் பக்கம் மாவை உரித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து, என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்து, தன் சொந்தக்காரியைப் பற்றிச் சொல்கிற பாசத்தோடு அந்தப் பெண்ணுக்குச் சொன்னார்:

"இன்னாமா நீ! அது வேற மேடம். இவங்க நம்ப அக்கா."